பை பார்ப்பவர்

நிரோஷா போடும் அட்டவணைகளைப் பற்றி அந்தக் குடும்பத்துக்குள் ஒரு பெருமை இருந்தது. கலியாணமோ, காதுகுத்தோ, கதிர்காமப் பயணமோ, எதுவானாலும் "நிரோவிட்டைக் குடுங்கோ, அவள் பாத்துச் செய்வாள்" என்பார்கள். ஒருமுறை பதினேழு பேரை இரண்டு வானில் ஏற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுபோய், ஒருவரையும் பட்டினி போடாமல், ஒருவருக்கும் வழியில் அவசரம் முட்டாமல், சொன்ன நேரத்துக்கு வெள்ளவத்தைக்குத் திருப்பிக் கொண்டுவந்தவள் அவள். வளைவுகளில் வாந்தி எடுத்த ஒரே ஆளும் அவள்தான். அதை மட்டும் அட்டவணையில் போட முடியவில்லை.

ஆகவே ஓகஸ்ட் விடுமுறைக்குச் சிங்கப்பூர் போவதென்று முடிவானபோது, யார் திட்டம் போடுவது என்ற கேள்வியே எழவில்லை. நான்கு நாட்கள். அதில் மூன்று நாட்கள் தீவில் இருக்கும் பெரிய தீம் பார்க்கிலும் அதன் பக்கத்துத் தண்ணீர்ப் பூங்காவிலும். போவது ஐந்து பேர்: நிரோஷா, கணவன் தயாபரன், எட்டு வயது திலக்ஷன், மூன்று வயதுச் சின்னவள், தயாபரனின் அக்கா ஜீவராணி.

ஜீவராணிக்கு நாற்பத்தொன்பது வயது. கலியாணம் செய்யவில்லை. கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் இருபத்துநான்கு வருடமாக வேலை. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் ஒரு மேல்மாடி அனெக்ஸில் தனியே இருந்தாள். சிங்கப்பூர்க் கதை வந்ததும், "நானும் வரட்டோ?" என்று தம்பியிடம் கேட்டவள், அவன் ஓம் என்று முடிக்க முன்பே தன் டிக்கெட்டைத் தானே எடுத்துவிட்டாள். அவள் எதையும் அப்படிக் கேட்டு அவர்கள் கண்டதில்லை.

ஒரு ஞாயிறு முற்பகல், அடுப்பில் பருப்புக் கொதிக்க, நிரோஷா சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்தாள். நேரம், இடம், எப்படிப் போவது, யார் யார் ஏறுவது, சாப்பாடு என்று நிரல்களைப் பிரித்தாள். எந்த வாசலால் போனால் வரிசை குறைவு, மதிய வெயிலில் எந்தக் கொட்டகைக்குள் குளிரூட்டி உண்டு, சின்னவள் நித்திரையாகும் நேரத்தில் தள்ளுவண்டியை எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போட்டாள். முதலில் ரோலர் கோஸ்டர், பிறகு படகு. படகில் நனைவதால் மாற்று உடுப்பு. மாற்று உடுப்பு என்றால் பை. பால் போத்தல், நாப்கின், குடை, மருந்து, தயாபரனின் கமெரா எல்லாம் பை. கடைசியாக ஒரு நிரல் சேர்த்து அதற்குத் தலைப்பு எழுதினாள்: பை பார்ப்பவர்.

அதன் முதல் பெட்டியில், ஜீவராணியைத் தான் கூப்பிடுகிறபடி, 'ராணி மச்சாள்' என்று எழுதினாள். பெட்டியின் மூலையில் இருக்கும் சின்னச் சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நாற்பத்துமூன்று வரி. பருப்புப் பொங்கி வழிவதற்குள் வேலை முடிந்தது.

மத்தியானம் அதை 'எங்கட வீடு' என்ற வாட்ஸ்அப் குறூப்பில் போட்டாள். டொரொன்டோவில் இருக்கும் தயாபரனின் தம்பி, லண்டன் சித்தப்பா வீடு, யாழ்ப்பாணத்து மாமா என்று பதினான்கு பேர் அதில் இருந்தார்கள். "சூப்பர் நிரோ", "நாங்கள் எங்கயும் போறதெண்டால் உம்மைத்தான் கூட்டிக்கொண்டு போகவேணும்" என்று வரிசையாக வந்தன. டொரொன்டோத் தம்பி எழுதினான்: "அக்காவுக்குத்தான் உண்மையான ஹொலிடே. வாங்கிலை குந்தியிருந்தபடியே சிங்கப்பூர் பாக்கலாம்." கண்ணீர் வரச் சிரிக்கும் முகங்கள் மூன்று. நிரோஷாவும் அதற்கு ஒரு சிரிப்பு முகம் போட்டாள்.

நான்கு இருபதுக்கு ஜீவராணியிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

மறுநாள் கந்தோரில் தேநீர் இடைவேளையின்போது நிரோஷா அட்டவணையை றிப்னாவுக்குக் காட்டினாள். பக்கத்து மேசையில் இருக்கும் றிப்னா போன வருடம் குடும்பத்தோடு அதே இடத்துக்குப் போய் வந்தவள்.

"மாஷா அல்லாஹ், என்னா மாதிரி செஞ்சிருக்கீங்க!" என்று றிப்னா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "நாங்க போன நேரம் ஒரே சண்டதான். இவரு ஒரு பக்கம், புள்ளயள் ஒரு பக்கம், நான் நடுவுல நின்டுகொண்டு கத்துற. இப்பிடி ஒண்டு இருந்திருந்தா எவ்வளவு நல்லம்." பிறகு திரையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இந்த ராணி மச்சாள் எண்ட யாரு? புள்ளயப் பாக்கக் கூட்டிட்டுப் போற ஆளா?"

"இல்லை... அவற்ற அக்கா."

"ஆ," என்றாள் றிப்னா.

தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோப்பையில் ஒட்டியிருந்த தேயிலைத் தூளை விரலால் துடைத்தாள். நிரோஷாவுக்குக் கன்னம் சுட்டது. "அவவுக்கு இதுகளில ஏற விருப்பமில்லை" என்று சொல்ல வாய் வந்தது. அது உண்மையா என்று தனக்குத் தெரியாது என்பதும் அதே கணத்தில் தெரிந்தது.

கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, யாரோ போட்ட அட்டவணையைப் போல அதைத் திரும்ப வாசித்தாள். 'யார் யார் ஏறுவது' என்ற நிரலில் தயாபரன் இருந்தான், திலக்ஷன் இருந்தான், அவள் இருந்தாள். சின்னவள்கூட ஐந்து இடத்தில் இருந்தாள். ஜீவராணி ஒரு வரியிலும் இல்லை. கடைசி நிரலில் மட்டும் நாற்பத்துமூன்று தடவை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரே பை பார்ப்பவர் ராணி மச்சாள். கட்டுநாயக்காவில் விமானம் ஏறுவதற்கு நேரே ராணி மச்சாள். 'இரவு 9.30, ஹோட்டல், நித்திரை' என்ற வரிக்கு நேரேயும் பை பார்ப்பவர் ராணி மச்சாள்.

எல்லோரும் நித்திரைகொள்ள, ஒருத்தி கட்டில் காலடியில் பைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அவள் எழுதிப் பதினான்கு பேருக்கு அனுப்பியிருக்கிறாள். அந்தப் பதினான்கு பேரில் ஒருவருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

அங்கே நின்றபடியே அதை எல்லோருக்கும் அழித்தாள். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு சாம்பல் வரி மிஞ்சியது. அதற்குக் கீழே டொரொன்டோத் தம்பியின் பகிடியும் அவள் போட்ட சிரிப்பு முகமும் அப்படியே இருந்தன.

அன்று பின்னேரம் தயாபரன் சப்பாத்தைக் கழற்றும்போதே சொன்னான். "அக்கா கோல் எடுத்தவ. லீவ் இல்லையாம். வரேல்லையாம்."

"வரேல்லையாமோ?"

"ஓம். மேனேஜர் மாட்டன் எண்டுட்டானாம்." மற்றச் சப்பாத்தையும் கழற்றினான். "அப்ப இந்தப் பையெல்லாம் ஆர் பாக்கிறது? சின்னவளையும் வச்சுக்கொண்டு... நீர் பிளானைத் திரும்ப மாத்தவேணும் போல."

நிரோஷா அவனைப் பார்த்தாள். கெட்டவன் இல்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு அக்காவைப் பார்க்கப் போவான், பேலியகொடையில் மீன் வாங்கினால் அவளுக்கும் ஒரு பங்கு எடுத்துவைப்பான். அக்கா வரவில்லை என்றதும் அவனுக்கு முதலில் வந்தது பைகளின் நினைவு. அதில் அவனைக் குறைசொல்ல அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை.

"லீவ் இல்லை எண்டு அவவே சொன்னவவோ?" என்று கேட்டாள்.

"பின்ன ஆர் சொல்லுறது?"

அக்கா ஏன் வரவில்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். "பாப்பம்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள்.

கையில் வெங்காயம் இருக்க, கண் முன்னே பாசிக்குடா வந்தது. நான்கு வருடத்துக்கு முந்திய பயணம். கடலில் எல்லோரும் இறங்கியிருந்தார்கள். கரையில் ஜீவராணி ஒரு துவாயை விரித்து, அதன் ஓரத்தில் எல்லோருடைய செருப்புகளையும் சோடி சோடியாக அடுக்கி வைத்திருந்தாள். தண்ணீரால் ஏறி வருகிறவர்கள் தேடாமல் காலை நுழைக்கலாம். அந்த ஒழுங்கை நிரோஷா எல்லோரிடமும் புகழ்ந்திருக்கிறாள். அன்று ஜீவராணி குளித்தாளா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கல்கிசை, நுவரெலியா வாவி, அவிசாவளைப் பக்கம் ஒரு நீச்சல் தடாகம். ஒவ்வோர் இடத்திலும் பைகள் நினைவிருந்தன. நீலப் பை, ஸிப் உடைந்த பை. அவற்றைப் பிடித்திருந்தவள் எந்த நிறச் சட்டை போட்டிருந்தாள் என்பது நினைவில்லை.

புதன்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை. பிள்ளைகளைத் தகப்பனிடம் விட்டுவிட்டு, நிரோஷா கொட்டாஞ்சேனைக்குப் பஸ் எடுத்தாள். பஸ் நிறைந்திருந்தது. "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கண்டக்டர் எல்லோரையும் முன்னுக்குத் தள்ளினான். இருக்கையில் இருந்த ஒரு மனிதர் கையை நீட்டினார். நிரோஷா தன் பையை அவர் மடியில் கொடுத்தாள். நிற்பவரின் பையை இருப்பவர் வாங்கிக்கொள்வது கொழும்பு பஸ்ஸில் யாரும் யோசித்துச் செய்யும் காரியமில்லை. அந்தப் பைக்குள் புதிய அட்டவணை இருந்தது. இரண்டு இரவாகப் போட்டது. பை பார்ப்பவர் நிரலில் இப்போது முறை வைத்திருந்தாள்: தயா, நிரோ, ராணி மச்சாள், தயா, நிரோ. எண்ணிப் பார்த்து, ஜீவராணிக்கு மற்ற இருவரையும்விடக் குறைவாக வரும்படி செய்திருந்தாள். ஒன்றும் பேசாமல் இதைக் கொடுத்தால் போதும், மச்சாளுக்கு விளங்கும், வேறு யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்பது அவள் எண்ணம். லீவ் கதையையும் அப்படியே விழுங்கிக்கொள்ளலாம்.

மேல்மாடிக் கதவைத் திறந்த ஜீவராணி வீட்டுச் சட்டையில் இருந்தாள். ஆச்சரியப்பட்டாலும் காட்டிக்கொள்ளவில்லை. "வாரும் நிரோ. தனியவே வந்தனீர்? பிள்ளையள்?"

"அவரோட விட்டுட்டு வந்தனான் மச்சாள். இந்தப் பக்கம் ஒரு அலுவல்..."

"போயாவில என்ன அலுவல்?" என்று சிரித்தாள் ஜீவராணி. நிரோஷா கதிரையில் இருந்தாள்.

சிறிய முன்னறை. ஒரு மேசை, இரண்டு கதிரை, சுவரில் முருகன் படம் போட்ட கலண்டர், யன்னலுக்கு வெளியே தேவாலயத்தின் பெரிய குவிமாடம். மேசையில் தொலைபேசி ஒரு போத்தலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. திரையில் ஏதோ வீடியோ நடுவில் நிறுத்தப்பட்டிருந்தது. வானம் கீழேயும் மரங்கள் மேலேயுமாக ஒரு படம்.

நிரோஷா அட்டவணையை எடுத்து நீட்டினாள். "பிளானைக் கொஞ்சம் மாத்தினனான் மச்சாள். ஒருக்காப் பாருங்கோ. லீவ் கிடைச்சால்... இன்னும் ரண்டு கிழமை இருக்குத்தானே."

ஜீவராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். கந்தோரில் கப்பல் பத்திரங்களைப் பார்ப்பது போல ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள். கடைசி நிரலுக்கு வந்ததும் விரல் நின்றது. முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போயிற்று.

"முறை வச்சிருக்கிறீர்," என்றாள்.

"ஓம் மச்சாள். எல்லாரும் மாறி மாறி."

"ம். தேத்தண்ணி போடுறன், இரும்."

அவள் உள்ளே போனதும் நிரோஷாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தொலைபேசிக்குப் பின்னால் ஒரு சீ.ஆர். கொப்பி திறந்தபடி கவிழ்ந்து கிடந்தது. எடுக்கக் கூடாதுதான். எடுத்தாள்.

நீல மையில், தட்டெழுத்துப் போன்ற கையெழுத்து. மேலே ஜூன் மாதத்துத் தேதி. நிரோஷா அட்டவணை போடுவதற்கு ஒரு மாதத்துக்கு முந்தியது. பூங்காவில் ஏறும் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தது: பெயர், எத்தனை நிமிடம், எந்த நேரம் வரிசை குறைவு, நனையுமா, எந்த உயரம் வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ஐந்து பேருடைய பெயரும்.

'தயா: முதுகு நோ. குலுக்கும், முன் வரிசையில் இருக்க வேண்டாம்.'

'திலக்ஷன்: 125 செ.மீ. வேண்டும். அளந்து பார்க்க வேண்டும்.'

'சின்னவள்: இருட்டுக்குப் பயம். இதற்குப் பதிலாகக் குதிரை ராட்டினம்.'

'நிரோ: சுழல்வது ஒத்துவராது (நுவரெலியா). சொல்ல வெட்கப்படுவாள். நாங்களே கேட்காமல் விடவேண்டும்.'

'நான்: ஏறுவேன்.'

பக்கத்தைப் புரட்டினாள். 'நான்: ஏறுவேன்.' அடுத்த பக்கம், தலைகீழாகச் சுற்றும் நீலக் கோஸ்டர். 'நான்: ஏறுவேன். இரண்டு தரம்.'

கடைசிப் பக்கத்தில் 'பொது' என்று தலைப்பிட்டுச் சில வரிகள். தண்ணீர் எங்கே இலவசம், தொப்பி, சப்பாத்து. அதன் நடுவில்: 'பை: லொக்கர் இருக்கிறது. வாசலால் போய் வலப்பக்கம் ஒன்று, கோஸ்டர் அருகே ஒன்று. பெரிய பையும் கொள்ளும். ஒருவரும் பையோடு இருக்கத் தேவையில்லை.'

நிரோஷா பஸ் நேரம் தேடினாள், குளிரூட்டி உள்ள கொட்டகை தேடினாள், தள்ளுவண்டி நிறுத்தும் இடம் தேடினாள். பையை எங்கே வைப்பதென்று மட்டும் தேடவில்லை. தேடவேண்டும் என்று தோன்றவேயில்லை. பை வைக்கும் இடம் அவர்களிடம் எப்போதும் இருந்தது.

"வாசிச்சிட்டீரோ?"

ஜீவராணி இரண்டு கோப்பையோடு வாசலில் நின்றாள். நிரோஷா கொப்பியைக் கீழே வைக்கப்போய், அது விழுந்து, எடுத்து, மறுபடி வைத்தாள்.

"மச்சாள், அண்டைக்கு நான் போட்ட பிளான்... அது எக்ஸெல்லில இழுக்கேக்க தானா வந்திட்டுது மச்சாள். எல்லா வரிக்கும் அதுவாப் போட்டிட்டுது. நான் பாக்கேல்லை."

ஜீவராணி கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு எதிரே இருந்தாள்.

"நானும் இருபத்திநாலு வருஷமாக் கொம்பியூட்டரிலதான் இருக்கிறன் நிரோ. முதல் பெட்டிக்குள்ள ஆராவது எழுதினால்தான் இழுக்க வரும்."

கீழே வீதியில் ஒரு ஓட்டோ நெடுநேரம் ஹோன் அடித்தது. நிரோஷா கோப்பையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வயதில் பொய் சொல்லிப் பிடிபட்ட நாள் மாதிரி இருந்தது. நாற்பது வயதில் அது இன்னும் கேவலமாக இருந்தது.

"லீவ்..." என்று தொடங்கினாள்.

"லீவ் கிடைச்சது. திங்கக்கிழமை நான்தான் வேண்டாமெண்டு ஃபோர்மைத் திருப்பி வாங்கினனான்." ஜீவராணி ஒரு மிடறு குடித்தாள். "உம்மில கோவமில்லை. கோவமில்லை எண்டும் இல்லை. நீர் எழுதினது புதுசா ஒண்டில்லையே. இவ்வளவு காலமும் எழுதாமல் நடந்தது. எழுத்தில கண்டோன ஒரு மாதிரி இருந்திது, அவ்வளவுதான்."

"நான் யோசிக்காமல்..."

"ஓம். அதுதான்."

ஜீவராணி, இரவு நித்திரை வரியை நினைத்துக்கொண்டாற்போல, "நித்திரைக்கும் போட்டிருந்தனீர் என்ன?" என்று கேட்டுவிட்டுத் திடீரென்று சிரித்தாள். உண்மையான சிரிப்பு. நிரோஷாவால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. அந்த உரிமை தனக்கு இல்லை என்று பட்டது.

"பிளான் போட்டதுகூடப் பறவாயில்லை," என்றாள் ஜீவராணி சிரிப்பு அடங்கியதும். "பிறகு அழிச்சனீர் பாரும், அதுதான் எனக்குத் தாங்கேல்லை. தம்பி பகிடி விட்டவன். நீரும் சிரிச்சனீர். பிழை எண்டு தெரிஞ்சோன ஒரு சொல்லும் சொல்லாமல் அழிச்சிட்டீர். இப்ப அங்க மிஞ்சியிருக்கிறது பகிடி மட்டும்தான்."

நிரோஷா மேசையில் கிடந்த தன் புதிய அட்டவணையைப் பார்த்தாள். இதையும் ஒரு சொல் சொல்லாமல்தான் கொண்டுவந்திருந்தாள்.

தொலைபேசியை எடுத்தாள். ஜீவராணி எழுந்து யன்னலோரம் போய்க் கொடியில் காய்ந்த உடுப்பை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். நிரோஷா 'எங்கட வீடு' குறூப்பில் எழுதினாள்: 'அன்று போட்ட பிளானில் சில தவறுகள் இருந்தபடியால் நீக்கினேன்.' வாசித்தாள். அழித்தாள். 'ராணி மச்சாளின் மனம் நொந்திருந்தால்' என்று எழுதினாள். 'இருந்தால்' என்ற சொல்லைப் பார்த்ததும் அதையும் அழித்தாள். கடைசியில் இப்படி எழுதினாள்:

'ஞாயிற்றுக்கிழமை போட்ட பிளானில் ராணி மச்சாளை ஒரு ஓட்டத்திலும் சேர்க்காமல், நாலு நாளும் பை பார்க்க விட்டது நான். தவறுதலாக வந்தது இல்லை. அப்படித்தான் நடக்கும் என்று நினைத்துப் போட்டேன். அதைப் பார்த்து வந்த பகிடிக்கும் சிரித்தேன். பிறகு வெட்கத்தில் சொல்லாமல் அழித்தேன். அங்கே பை வைக்க லொக்கர் இருக்கிறது. நான் தேடவில்லை. மச்சாள் தேடி வைத்திருக்கிறா.'

அதன் கீழே 'மச்சாள் கேட்டு இதை எழுதவில்லை' என்று சேர்த்தாள். தன்னைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளத்தான் அந்த வரி என்று தெரிந்தது. அதை எடுத்துவிட்டு அனுப்பினாள்.

ஜீவராணியின் தொலைபேசி மேசையில் ஒருமுறை அதிர்ந்தது. அவள் வந்து, நின்றபடியே வாசித்தாள். ஒரு கட்டைவிரல்கூடப் போடவில்லை. மடித்த உடுப்பை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

அதற்குள் தயாபரன் நிரோஷாவுக்குக் கோல் எடுத்துவிட்டான். அவன் குரல் அறை முழுவதும் கேட்டது. "என்ன விசர்க் கூத்து இது குறூப்பில? லண்டன் சித்தப்பாவும் பாத்திட்டார். எங்க நிக்கிறீர் நீர்? இதெல்லாம் வீட்டுக்குள்ள கதைக்கிற கதையே?"

"அக்கா வரேல்லை எண்டோன நீங்கள் முதல் என்ன கேட்டனீங்கள், ஞாபகம் இருக்கோ?" என்றாள் நிரோஷா மெதுவாக.

எதிர்முனையில் திலக்ஷன் எதற்கோ தங்கையோடு சண்டை பிடிப்பது கேட்டது. "அக்கா பக்கத்திலயோ?" என்று கேட்டான் தயாபரன், வேறு குரலில்.

"ஓம்."

"குடும் அவவிட்ட."

ஜீவராணி கையை அசைத்து வேண்டாம் என்றாள். "பிறகு கதைக்கிறன் எண்டு சொல்லும். இப்ப கதைச்சால் அவன் அழுவான். சின்னனில இருந்தே அப்பிடித்தான்."

நிரோஷா புறப்பட எழுந்தாள். வாசலில் நின்று, கேட்கத் தகுதியில்லாததைக் கேட்பது போலக் கேட்டாள்: "வருவீங்களோ மச்சாள்?"

"லீவ் ஃபோர்மைத் திரும்பக் குடுக்கவேணும். மேனேஜர் என்னை விசர் எண்டுதான் நினைப்பான்." கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் ஜீவராணி. "நாளைக்குக் கேட்டுப் பாக்கிறன். ஆனா நிரோ, வந்தால் உம்மட பிளானில இல்லை."

"இல்லை மச்சாள்."

"முறையும் தேவையில்லை."

"இல்லை."

திரும்பும் பஸ்ஸிலும் இடமில்லை. நிரோஷா கம்பியைப் பிடித்து நின்றாள். யன்னலோர இருக்கையில் இருந்த ஒரு சிங்களப் பெண், அவளுடைய அம்மா வயது இருக்கும், நிமிர்ந்து பார்த்து, பையைத் தா மகளே என்று கையை நீட்டினாள். "பேக் எக்க தென்ன துவ."

நிரோஷா பையை மார்போடு இழுத்துக்கொண்டாள். "கமக் நே அம்மே," என்றாள், பரவாயில்லை என்று.

நீட்டிய கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு அந்தப் பெண் அதை மடியில் வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினாள். பக்கத்தில் இருந்தவள் நிரோஷாவை மேலும் கீழும் பார்த்தாள். தன்னை இவள் கள்ளி என்று நினைத்துவிட்டாள் என்றுதான் கையை நீட்டிய பெண் எடுத்துக்கொண்டிருப்பாள். விளக்கம் சொல்ல நிரோஷாவிடம் சிங்களமும் இல்லை, விளக்கமும் இல்லை. ஒருவர் மனமுவந்து வாங்குவது வேறு, ஒருவர் மடியில் போட்டுவிட்டுப் போவது வேறு என்பதைக்கூட இன்றைக்குப் பிழையான இடத்தில் பிடித்துவிட்டாள்.

கொம்பனித்தெரு தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, "அம்மே," என்று கூப்பிட்டுப் பையை நீட்டினாள். அந்தப் பெண் உடனே திரும்பவில்லை. திரும்பியபோது முகம் இறுகித்தான் இருந்தது. ஆனாலும் வாங்கி, மடியில் வைத்து, வார் தரையில் தொங்காமல் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பம்பலப்பிட்டியில் பஸ் நெரிசலில் நின்றபோது கையில் இருந்த தொலைபேசி அதிர்ந்தது. குறூப்பில் டொரொன்டோத் தம்பியின் பகிடி இருந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று இன்னொரு சாம்பல் வரி. அவனும் ஒரு சொல் சொல்லவில்லை. நிரோஷாவுக்கு அவனைத் தெரிந்தது; இரண்டு நாளைக்கு முந்திய தன்னைத் தெரிந்த மாதிரி.

அதற்குக் கீழே ஜீவராணி எழுதியிருந்தாள்:

'திலக்ஷனை அளந்து அனுப்பவும். சப்பாத்து இல்லாமல்.'